போர் முடிந்ததை ஊர்கள் எப்படி நினைவில் வைத்திருக்கின்றன? நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

முதலில் நானே ஆரம்பிக்கிறேன். இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயர் பக்கம் அப்பர் ஸ்லாட்டர் என்று ஒரு சின்ன ஊர். பேரைக் கேட்டதும் வெட்டு குத்து என்று நினைத்துவிடாதீர்கள், சேற்று நிலத்துக்கான பழைய சொல்லாம். போர் நினைவுத் தூணைப் படம் எடுக்கலாம் என்று தேடினேன். அந்த நாட்டில் தூண் இல்லாத ஊர் அபூர்வம். முதல் உலகப் போரில் செத்தவர்களைச் செத்த மண்ணிலேயே புதைத்துவிட்டார்கள். உடலை ஊருக்கு அனுப்பவில்லை. வீட்டாருக்குப் பூ வைக்க இருந்தது அந்தத் தூண் ஒன்றுதான்.

இங்கே சுற்றிச் சுற்றி வந்தும் காணோம். கடைசியில் ஊர் மன்றத்தில் பெயர்ப் பலகை இருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால், அத்தனையும் உயிரோடு திரும்பியவர்களின் பெயர்கள்! இரண்டு போருக்கும் ஆள் அனுப்பி ஒருவரைக்கூடப் பறிகொடுக்காத ஊர். 1944 பிப்ரவரியில் ஊர் மேலேயே குண்டு விழுந்திருக்கிறது, அப்படியும். இந்த மாதிரி ஊர்களுக்கு அங்கே தனிப் பெயரே உண்டு. நம் பேச்சில் சொன்னால் கொடுத்துவைத்த ஊர்.

1918 நவம்பர் 11 காலை 11 மணிக்குச் சண்டை நின்றதும் ஊர் ஊராக தேவாலய மணி அடித்தார்கள். இந்த ஊர்க்காரர்கள் அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போய் வாய்விட்டுச் சிரித்திருக்க முடியுமா?

---

நீங்கள் சொன்னதற்கு நேர் எதிரான ஒன்றைப் பார்த்தேன். பிரான்சில் நவம்பர் 11 அன்று தூணுக்கு முன்னால் ஒவ்வொரு பெயராக வாசிப்பார்கள், கூடவே "பிரான்சுக்காக உயிர்நீத்தார்" என்று பதில் வரும். பல ஊர்களில் ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று தடவை வரும், கேட்கவே முடியாது.

க்ரெஸ் மாவட்டத்து ஜான்தியூ வேறு ரகம். தூணுக்குப் பக்கத்தில் தகப்பனை இழந்த பையன் ஒருவன், சிலையாக. மரச்செருப்பு, பள்ளிக்கூட அங்கி, ஒரு கையில் கழற்றிய தொப்பி. இன்னொரு கை முஷ்டி பிடித்து ஒரு வரியை நோக்கி நீண்டிருக்கிறது. வீரம், தியாகம் எதுவும் அந்த வரியில் இல்லை. தமிழில் சொன்னால், "போர் நாசமாய்ப் போக!"

அரசு அதிகாரி அதைத் திறந்துவைக்க மறுத்துவிட்டார். பக்கத்து முகாமிலிருந்து அணிவகுத்துப் போகும் சிப்பாய்கள் அந்த இடம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவே இருந்ததாம். இப்போது நவம்பர் 11 வந்தால் போரே வேண்டாம் என்கிறவர்கள் அங்கேதான் கூடுகிறார்கள்.