மறு: ‘ஆன்லைன் கம்யூனிட்டி’க்குத் தமிழ்: தொகுதியா, வட்டமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஐயா நேற்று எழுதியது:

> ‘இணையச் சமூகம்’ என்றே வைத்துக்கொள்ளலாம். ‘பயனர் தொகுதி’ என்றாலும் பொருள் கெடாது. இரண்டும் ஒன்றுதானே.

கெடும் ஐயா. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் சமூக ஊடகத்தைப் பற்றி நாம் தமிழில் எழுதப்போகும் எல்லாமே குழம்பும், அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொகுதி என்பது கணக்கு வைத்திருப்பவர்களின் எண்ணிக்கை, கம்யூனிட்டி என்பது அவர்கள் ஒருவரோடொருவர் பழகுவது. கூகுளின் சமூக ஊடகமான கூகுள் பிளஸ் 2011 ஜூனில் வந்தது. பணம், பொறியாளர்கள், வழங்கிகள் எதற்கும் குறைவில்லை. பலர் சேர்ந்து காணொளியில் பேசும் வசதி அதில் தொடக்கத்திலிருந்தே இருந்தது, படங்களும் அழகாகத் தெரியும். 2013 நவம்பரிலிருந்து யூடியூபில் கருத்துச் சொல்லவே அந்தக் கணக்கு வேண்டும் என்றாக்கினார்கள். ஆக, பயனர் தொகுதி என்று எண்ணிப் பார்த்தால் கோடிக்கணக்கில் இருந்தது. ஆனால் 2018 அக்டோபரில் மூடப்போவதாக அறிவித்தபோது கூகுளே ஒரு கணக்கைச் சொன்னது: பயனர் வருகைகளில் 90 விழுக்காடு ஐந்து நொடிகூட நீடிக்கவில்லை. ஐந்து நொடியில் யார் யாரிடம் என்ன பேசியிருக்க முடியும்? 2019 ஏப்ரலில் கதவைச் சாத்திவிட்டார்கள்.

இதற்கு நேர்மாறாக ஹேஷ்டேக்கைப் பாருங்கள். 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா என்ற பயனர், ஒரே பொருளில் பேசுகிறவர்களைச் சேர்க்க # குறியைப் பயன்படுத்தலாமா என்று ட்விட்டரில் கேட்டார். அதற்கென்று எந்த வசதியும் அப்போது கிடையாது, வெறும் எழுத்துதான், சொடுக்கினால் ஒன்றும் திறக்காது. ஆனாலும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதத் தொடங்கினார்கள். நிறுவனம் அதை இணைப்பாக மாற்றியது 2009இல்தான். பிறர் பதிவை மறுபடி பகிரும் ரீட்வீட்டும் அப்படித்தான், ‘ஆர்டி’ என்று ஆட்கள் கையால் தட்டச்சிட்டுப் பழகிய பிறகே பொத்தான் வந்தது. தொழில்நுட்பம் இங்கே பின்னால் ஓடி வந்திருக்கிறது.

அப்புறம் டிக், பயனர்கள் பகிரும் இணைப்புகளில் வாக்குகள் பெற்றவை முகப்புக்கு வரும் தளம். 2010 ஆகஸ்டில் தளத்தை அடியோடு மாற்றினார்கள். பிடிக்காத பயனர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, போட்டித் தளமான ரெட்டிட்டின் இணைப்புகளுக்கே வாக்களித்து டிக்கின் முகப்பை நிரப்பினார்கள், பிறகு பலர் அங்கேயே குடிபெயர்ந்தார்கள். ‘தொகுதி’ இப்படிச் செய்யாது. சேர்ந்து கோபப்படவும் சேர்ந்து கிளம்பவும் ஆட்களுக்குள் ஏற்கெனவே ஒரு பழக்கம் இருந்திருக்க வேண்டும், அந்தப் பழக்கத்துக்குத்தான் நாம் சொல் தேடுகிறோம். விக்கிப்பீடியாவும் இப்படித்தான். அதை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கி நிறுவிக்கொள்ளலாம். பிழை திருத்துகிறவர், சான்று எங்கே என்று உரையாடல் பக்கத்தில் விடாமல் கேட்கிறவர், புதிதாக வந்தவருக்குப் பொறுமையாக வழி சொல்கிறவர், இவர்கள் அந்தக் கோப்புக்குள் இருக்க மாட்டார்கள்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

‘சமூகம்’ எனக்கு உறுத்துகிறது. ‘சமூக ஊடகத்தில் உருவாகும் சமூகம்’ என்று எழுதும்போதே சொல் தன்னைத்தானே இடித்துக்கொள்கிறது. அதைவிடப் பெரிய சங்கடம், பேச்சில் ‘நீங்கள் எந்தச் சமூகம்?’ என்றால் அது சாதியைக் கேட்பது. பிறப்பால் வராமல் விருப்பத்தால் சேர்ந்த ஒன்றுக்கு அந்தச் சொல்லைக் கொடுக்க எனக்கு மனமில்லை. ‘குழுமம்’ நல்ல சொல், ஆனால் நிறுவனங்களின் தொகுப்புக்கும் மடற்குழுவுக்கும் ஏற்கெனவே போய்விட்டது. ‘சுற்றம்’ என்று எழுதிப் பார்த்தேன், ஆசையாகத்தான் இருந்தது, உறவினர் என்ற பொருள் விடவே மாட்டேன் என்கிறது.

என் பரிந்துரை ‘வட்டம்’. வாசகர் வட்டம், நண்பர் வட்டம், இலக்கிய வட்டம் என்று நாம் பல காலமாகச் சொல்வதுதான், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முதல் பயன்பாட்டில் ‘இணைய வட்டம்’, பிறகு வெறும் ‘வட்டம்’. கணக்கு வைத்திருப்பவர்களின் மொத்த எண்ணிக்கைக்கு ஐயாவின் ‘பயனர் தொகுதி’ அப்படியே இருக்கட்டும், அதற்கு அது பொருத்தமான சொல்.

கூகுள் பிளஸிலேயே ‘வட்டங்கள்’ என்று ஒரு வசதி இருந்ததே என்று யாராவது கேட்பீர்கள். இருந்தது. அது தெரிந்தவர்களைப் பிரித்து வைக்க ஒருவர் தன் வசதிக்குத் தானே போட்டுக்கொண்ட கோடு. நான் உங்களை எந்த வட்டத்தில் வைத்தேன் என்பது உங்களுக்குத் தெரியாது. வாசகர் வட்டத்தில் அப்படி உட்கார முடியுமா? அங்கே எல்லோருக்கும் எல்லோர் முகமும் தெரியும். பெயரைச் சரியாக வைத்து, பொருளைத் தவறாகக் கட்டினார்கள் என்று நினைக்கிறேன்.

தாலுகாவுக்கும் ‘வட்டம்’ என்பதால் குழப்பம் வருமா? தொடரின் இடம் காட்டிக்கொடுத்துவிடும், ‘இணைய’ என்ற அடையும் இருக்கிறது. கூட்டுச்சொல்லில் வைத்துப் பார்த்தேன்: ‘வட்ட நெறிகள்’ நன்றாக வருகிறது. வட்டத்தைக் கவனித்துக்கொள்பவருக்கு ‘வட்டப் பொறுப்பாளர்’ என்றால்தான் அரசு அலுவலக வாடை அடிக்கிறது. ‘வட்டம் பேணுநர்’ என்றால் நீளம், ஆனால் அவர் உண்மையில் செய்யும் வேலையைச் சொல்கிறது. இதற்கு மட்டும் இன்னும் நல்ல சொல் அகப்பட்டால் எழுதுங்கள், நம் சொற்பட்டியலில் சேர்ப்பதற்கு முன் மாற்றிவிடலாம்.