இருமலால் சாக மாட்டேன் என்கிறானே!

கேள்வி:
நாற்பது வயதில் ஆங்கில இலக்கியம் படிக்கக் கிளம்பியிருக்கிறேன். எட்கர் ஆலன் போ 1846இல் எழுதிய ‘தி காஸ்க் ஆஃப் அமோன்டில்லாடோ’ கதையின் முரண்நகை (சொல்வது ஒன்று, நடப்பது அதற்கு நேர்மாறு) பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். மான்ட்ரெசர் என்பவன் பழிவாங்க, ஃபார்ச்சுனாட்டோவுக்கு அமோன்டில்லாடோ ஒயின் ஆசை காட்டி நிலவறைக்கு அழைத்துப்போய், உயிரோடு சுவர் எழுப்பி அடைக்கிற கதை. ஃபார்ச்சுனாட்டோ என்ற பெயருக்கே அதிர்ஷ்டசாலி என்று பொருள், அதைப் பிடித்துவிட்டேன். அதற்குமேல் பேனா நகரவில்லை.

பதில் 1:
இருமலைப் பிடியுங்கள். நிலவறையில் மூச்சு முட்ட இருமுகிற ஃபார்ச்சுனாட்டோ, “இருமலால் சாக மாட்டேன்” என்கிறான். மான்ட்ரெசர் உடனே, “உண்மைதான், உண்மைதான்” என்கிறான். பிறகு அவனுடைய நீண்ட ஆயுளுக்காகக் குடிக்கவும் செய்கிறான், பாவி! கொத்துக்கரண்டியையும் விடாதீர்கள். ஃபார்ச்சுனாட்டோ கேட்பது ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தின் அடையாளத்தை (‘மேசன்’ என்றால் கொத்தனார்). இவன் அங்கிக்குள்ளிருந்து எடுத்துக் காட்டுவது கொத்தனார் கருவியை. அவன் அதை வேடிக்கை என்று நினைக்கிறான். அதே கரண்டியால்தான் சுவர் எழும்புகிறது.

பதில் 2:
எனக்குப் பிடித்த முரண்நகை ஃபார்ச்சுனாட்டோவின் கோமாளித் தொப்பி மணிகள்தான். திருவிழா வேடத்தில் கிணுகிணுத்தவை, கடைசியில் சுவருக்குப் பின்னாலிருந்து வரும் ஒரே பதிலாகிவிடுகின்றன.

கேட்டவர்:
நன்றி. இன்னொன்று: மான்ட்ரெசர் இதையெல்லாம் ஐம்பது ஆண்டு கழித்துச் சொல்கிறானே, குற்றவுணர்வா?

பதில் 1:
மணி ஒலித்ததும் நெஞ்சு நொந்தது என்கிறான். கையோடு, நிலவறையின் ஈரம்தான் காரணம் என்று ஒட்டுப்போடுகிறான். அந்த ஒட்டை நான் நம்பவில்லை. ஆனால் “வருந்துகிறான்” என்று அடித்து எழுதிவிடாதீர்கள், மதிப்பெண் போய்விடும்.