உதவி: மேல்மாடியில் அபின் புகைத்த வழக்கு, வீட்டுக்காரர் தரப்பு வாதம் எங்கே உடைகிறது?

சட்டமாணவி (ஈப்போ):
மாதிரி வழக்காடலுக்கு வந்த கேள்வி. கடைவீட்டு உரிமையாளர் மேல்மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறார். ஓர் அறையை மட்டும் சாமான் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார். மாதம் ஒருமுறை வாடகை வாங்க வருவார். போலீஸ் சோதனையில் கூடத்தில் அபின் குழாயும் விளக்கும் சிக்கின. மலேசியாவின் 1952 அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின்கீழ், இடத்தை அபின் பிடிக்க அனுமதித்ததாகக் குற்றச்சாட்டு. 'ஸ்வீட் எதிர் பார்ஸ்லி' (1969) தீர்ப்பை வைத்து, "அவருக்குத் தெரியாது, ஆகவே விடுதலை" என்று எழுதினேன். நிற்காது என்று விரிவுரையாளர் திருப்பிவிட்டார். ஓட்டை எங்கே?

பழையகோப்பு:
தீர்ப்பு நல்ல தீர்ப்புதான், பொருத்திய இடம்தான் தவறு. பிரிட்டனின் 1920 சட்டம், 5-ஆம் பிரிவில் குற்றங்களைத் தனித்தனியாகப் பிரித்தது: குடியிருப்பவர் இடத்தை அபின் பிடிக்க அனுமதிப்பது, அத்தகைய இடத்தின் நிர்வாகத்தில் பங்குகொள்வது, குழாய் வைத்திருப்பது, அங்கே போய்வருவது. 1965 சட்டம் அனுமதிப்பது, நிர்வகிப்பது இரண்டையும் கஞ்சாவுக்கும் வைத்தது. ஸ்வீட் வழக்கு நிர்வாகம் பற்றியது. ஆக்ஸ்போர்டு அருகே பண்ணைவீட்டை அறை அறையாக வாடகைக்கு விட்ட ஆசிரியைக்கு 25 பவுண்டு அபராதம். அங்கே கஞ்சா புகைத்தது அவருக்குத் தெரியாது என்பதால், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதை ரத்து செய்தது. உங்கள் கட்சிக்காரர் மீதுள்ள குற்றச்சாட்டோ அனுமதித்தது. தெரியாமல் அனுமதிக்க முடியாது என்பதை நிறுவ ஸ்வீட் தேவையே இல்லை.

உண்மையான சிக்கல் நம் 1952 சட்டத்தின் 37-ஆம் பிரிவு. (அ) ஒரே ஒருமுறை பயன்பட்டாலும் அந்த நோக்கத்துக்குப் பயன்பட்ட இடமாகவே கொள்ளப்படும். (ஆ) பராமரிப்போ நிர்வாகமோ தன் கையில் இருப்பதுபோல் தோன்றினாலே, மாறாக நிரூபிக்கும்வரை அவர்தான் குடியிருப்பவர். "எப்போதோ ஒருநாள் நடந்தது" என்ற வாதம் முதல் வரியிலேயே செத்துவிடும்.

சட்டமாணவி (ஈப்போ):
நன்றி சார். அப்படியானால் பூட்டிய அறை எங்களுக்கு எதிராகப் போகுமா?

வழக்குரை:
போகும். சாவி அவரிடம் இருக்கிறது, மாதாமாதம் வருகிறார்; அரசுத் தரப்பு (ஆ)-வைத் தூக்கும். அதை உடைக்க ஆவணம் வேண்டும்: முத்திரைத் தீர்வை கட்டிய வாடகை ஒப்பந்தம், வாடகைக்காரர் பெயரில் மின் கட்டண ரசீது, கூடத்துச் சாவி யாரிடம் இருந்தது என்பதற்குச் சாட்சி. வெறும் சந்தேகம் கிளப்பினால் போதாது. யுவராஜ் வழக்கில் (1969), அன்று நமக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் சொன்ன அளவுகோல், நிகழ்ந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று காட்டுவது. இந்தியாவின் 1985 சட்டத் தீர்ப்புகளை எடுத்துப் போகாதீர்கள். அங்கே 25-ஆம் பிரிவே தெரிந்து அனுமதிப்பது என்கிறது, 35-ஆம் பிரிவின் அளவுகோலும் வேறு.

குடியிருப்பவர் என்று ஓர் அனுமானம், அதன்மேல் அவருக்குத் தெரியும் என்று இன்னோர் அனுமானம் என அரசுத் தரப்பு அடுக்கினால் அங்கேதான் பிடிக்க வேண்டும். முகமது பின் ஹசான் வழக்கின் தீர்ப்பு (1998) இரட்டை அனுமானத்தை ஏற்கவில்லை. அதைத் தாண்டப் பின்னர் சேர்த்த 37ஏ பிரிவை, 2019-இல் அல்மா நூடோ வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் செல்லாது என்றது. இரண்டும் கடத்தல் வழக்குகள், மரண தண்டனை சம்பந்தப்பட்டவை. நீதிபதி கேட்குமுன் நீங்களே அந்த வேறுபாட்டைச் சொல்லிவிடுங்கள்.

பழையகோப்பு:
ஒன்று சேர்க்கிறேன். "இந்தக் குற்றத்துக்குத் தெரியாவிட்டாலும் தண்டிக்கும் கடுமை தேவை" என்று எதிர்த்தரப்பு சொல்லும். வரலாற்றைக் கையில் வையுங்கள். 1910 முதல் நீரிணைக் குடியேற்றங்களில் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா) அரசே சண்டு, அதாவது புகைப்பதற்கான அபின், தயாரித்து விற்றது. உரிமம் இல்லாத அபின் கடை முதலில் வருமானத்துக்குத்தான் ஆபத்து. முழுத் தடை வரும் என்று பிரிட்டன் அறிவித்ததே 1943 நவம்பரில். பிறகு, சிங்கப்பூரிலிருந்து போன லிம் சின் ஐக் (1963) மேல்முறையீட்டை எடுங்கள்: குற்றத்தைத் தடுக்கத் தன்னால் ஏதும் செய்ய முடியாதவரைத் தண்டிப்பதால் சட்ட அமலுக்கு என்ன லாபம் என்று பிரிவி கவுன்சில் கேட்டது. ஸ்வீட் அதற்கு அடுத்துதான் வர வேண்டும், முதலில் அல்ல.

சட்டமாணவி (ஈப்போ):
37(ஆ)-வில் தொடங்கி வரிசையை மாற்றி எழுதுகிறேன். வாடகை ஒப்பந்தத்தில் முத்திரை இருக்கிறதா என்று கேள்வித்தாளில் சொல்லவில்லை, அதை விளக்கம் கேட்டு அனுப்புகிறேன்.