அமுக்குவான் வந்த இரவுகள்

பாம்பன் வடகடல்

அமுக்குவான் என்றால் என்னவென்று இந்தக் கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை என்பதால், நடந்ததை நேராகச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை காலையில் விசைப்படகில் போய், இரவெல்லாம் மடிவலை இழுத்து, ஞாயிறு விடிந்து கரை சேர்ந்தோம். மீனைத் தரம் பிரித்து ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து பாயில் மல்லாந்தபோது மணி பத்தரை இருக்கும். அதற்குள் ஏறக்குறைய 30 மணி நேரம் கண் மூடாமல் கழிந்திருந்தது.

விழிப்பு வந்தபோது மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. அடுப்படியில் தங்கை தேங்காய் துருவும் ஓசையும் கேட்டது. எழலாம் என்று நினைத்தேன். கை வரவில்லை, கால் வரவில்லை, நாக்கும் புரளவில்லை. கதவோரத்தில் ஒருவன் நின்றான். அவனுக்கு முகம் இல்லை. ஈர வலையின் நாற்றம் மட்டும் இருந்தது. மெல்ல நடந்து வந்து என் நெஞ்சின்மீது உட்கார்ந்தான். மூச்சு பாதியில் நின்றது.

இதுவரை சொன்னது உங்களில் பலருக்கும் நேர்ந்திருக்கும். என்னை இன்றும் அரிப்பது அடுத்த நொடிதான். தங்கை அறைக்குள் வந்தாள், தலைமாட்டில் இருந்த என் செல்போனை எடுத்தாள், “அண்ணன் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறது” என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே வெளியேறினாள். போகும்போது அவள் நேராகப் போகவில்லை. அவன் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். அவளிடம் இதைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால் அம்மாவின் காதுக்குப் போகும். அம்மாவின் காதுக்குப் போனால் மந்திரித்த கயிறு கைக்கு வரும்.

தொண்டிக்காரன்

எனக்கு நேர்ந்தது வல்லத்தில். மூன்றாம் சாமம், நான் சுக்கான் பிடித்திருந்தேன், மற்ற இருவரும் படுத்துவிட்டார்கள். எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஓசைக்குள்ளிருந்து என் பெயர் கேட்டது. பெயர் கேட்டதுகூடப் பெரிதில்லை. அப்பா என்னைக் கூப்பிடும்போது கடைசி எழுத்தை இழுப்பாரே, அந்த இழுப்போடு கேட்டது. அவர் போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. எஞ்சினை நிறுத்தினேன், குரலும் நின்றது. மறுபடி ஓட்டத் துணிவில்லாமல் கால் மணி நேரம் அலையில் மிதந்துகொண்டிருந்தேன். மற்றவர்களிடம் எஞ்சின் சூடேறிவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

கீழக்கரை காக்கா

தம்பி பாம்பன், இதையெல்லாம் மூளையின் வேலை என்று சொல்லிக் கடந்துபோக இங்கே சிலர் வருவார்கள். வருவதற்கு முன் நான் கேட்டுவிடுகிறேன். தங்கை சுற்றிக்கொண்டு போனாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு யார் மூளை பொறுப்பு? உங்களுடையதா, அவளுடையதா?

எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். அப்பா தீவுக்குத் தெற்கே நங்கூரம் போட்டுக் கிடந்தோம். நிலா இல்லாத இரவு. தூரத்தில் ஒற்றை வெளிச்சம் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அது எழும்பியது, இடப்பக்கம் போனது, மறுபடி தன் இடத்துக்கு வந்தது. ஒரு பனை உயரத்துக்கு எழும்பியது என்று மூன்று பேரும் ஒரே வாக்காகச் சொன்னோம். எங்கள் வாப்பா காலத்திலிருந்து அதைக் கொள்ளிவாய்ப் பிசாசு என்றுதான் சொல்வார்கள். ஒருவனுக்குத் தூக்கக் கலக்கம் இருக்கலாம். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவுக்கு மூளை பிசகுமா?

மண்டபம் ஓய்வாசிரியர்

காக்கா கேட்டது நல்ல கேள்வி, அதிலிருந்தே தொடங்குகிறேன். நான் 20 ஆண்டுகளுக்கு மேல் உளவியல் பாடம் நடத்தியவன். முழு இருட்டில் அசையாத ஒற்றை ஒளிப்புள்ளியை உற்றுப் பார்த்தால் அது நகர்வதாகவே தெரியும். நாம் ஒன்றை உற்றுப் பார்க்கும்போதும் கண் துளித்துளியாக அசைந்துகொண்டிருக்கிறது; பகலில் பக்கத்துப் பொருள்களை வைத்து மூளை அந்த அசைவைக் கழித்துவிடுகிறது, இருட்டில் கழிக்க எதுவும் இல்லை. துருக்கியில் பிறந்த முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் 1935-இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் பயன்படுத்தினார். தனியாகப் பார்த்தவர்கள் ஒளி நகர்ந்த தூரத்தை ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். சேர்ந்து உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லத் தொடங்கியதும் எல்லோருடைய அளவும் ஒன்றையொன்று நெருங்கிவந்தது. அங்கே ஒளி அசையவே இல்லை. ஆகவே காக்காவிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஒரு பனை உயரம் என்று முதலில் சொன்னது யார்?

அமுக்குவான் விஷயத்துக்கு வருகிறேன். 1953-இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளெய்ட்மனும், தூக்கத்தில் கண்விழிகள் வேகமாக உருளும் ஒரு கட்டம் இருப்பதை எழுதினார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் வருகின்றன. கனவில் ஓடுகிறவன் பாயைவிட்டு எழுந்து ஓடிவிடாதபடி, மூளைத்தண்டு அப்போது உடலின் தசைகளைக் கட்டிப்போட்டுவிடுகிறது. கண்ணை உருட்டும் தசைகளுக்கும் மூச்சை இயக்கும் உதரவிதானத்துக்கும் மட்டும் விலக்கு உண்டு. கட்டு அவிழ்வதற்கு முன் விழிப்பு வந்துவிட்டால் அதுதான் தூக்க முடக்கம். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் தளர்ந்து கிடப்பதால், நாமாக ஆழ்ந்து மூச்சிழுக்க முயலும்போது நெஞ்சு எழும்ப மறுக்கிறது. அந்த மறுப்பைத்தான் யாரோ ஏறி உட்கார்ந்ததாக உணர்கிறோம். கனவின் அச்சமும் கூடவே விழித்துக்கொண்டிருப்பதால் அந்த யாரோவுக்கு ஓர் உருவம் கிடைத்துவிடுகிறது. ஜப்பானியர் இதைக் கனாஷிபாரி என்பார்கள்; நியூஃபவுண்ட்லாந்து மீனவர் ஊர்களில் நெஞ்சில் ஏறுபவள் ஒரு கிழவி. நூறு பேரில் ஏழெட்டுப் பேருக்காவது வாழ்நாளில் ஒருமுறை இது வருகிறது.

எனக்கும் ஒரே ஒருமுறை, தேர்வுக்கு முந்தைய நாள் விடியலில் வந்தது. பக்கத்துக் கட்டிலில் கிடந்த நண்பனைக் கூப்பிட முயன்றேன், முடியவில்லை, அவ்வளவுதான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. மல்லாந்து படுக்காதீர்கள், இந்த முடக்கம் மல்லாந்த நிலையில்தான் அதிகம் வருகிறது. தூக்கம் கெட்டவர்களுக்கு மறுமுறை படுக்கும்போது கனவுக் கட்டம் முந்திக்கொண்டும் நீண்டும் வருவதால், கடலுக்குப் போவதற்கு முந்தைய இரவே நன்றாகத் தூங்கிவிடுங்கள். விழித்திரை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 20,000 நரம்புச் செல்களாலான ஒரு சிறு முடிச்சுதான் நம் உடலின் கடிகாரம். காலை வெளிச்சம் கண்ணில் பட்டதும் அது பகல் தொடங்கிவிட்டது என்று உடலுக்கு அறிவித்துவிடும். ஆகவே கரை இறங்கியதும் கறுப்புக் கண்ணாடி அணிந்து வீடு செல்லுங்கள், சன்னலுக்குக் கனத்த திரை போடுங்கள், விடியலுக்குப் பின் தேநீர் குடிக்காதீர்கள். முடக்கம் வந்துவிட்டால் எழ முயன்று போராடாமல், கண்ணை உருட்டுங்கள், கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். மன அழுத்தத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும். ஹான்ஸ் செல்யே 1936-இலேயே காட்டியபடி, ஓயாத அழுத்தத்தில் உடல் முதலில் அதிர்ந்து எழுகிறது, பிறகு தாக்குப்பிடிக்கிறது, கடைசியில் தளர்ந்துவிடுகிறது. தொண்டித் தம்பிக்கும் ஒன்று: தூக்கம் குறைந்த மூளை, பொருளற்ற ஓசையில் பொருளைத் தேடும்; எதையும்விட விரைவாக அது கண்டுபிடிப்பது சொந்தப் பெயரைத்தான். அமெரிக்காவில் 17 வயது மாணவன் ஒருவன் 264 மணி நேரம் விழித்திருந்து 1964 ஜனவரியில் அந்தச் சோதனையை முடித்தான் (அதே ஆண்டின் முடிவில்தான் நம் தனுஷ்கோடி போனது). நான்காம் நாளே அவன் தெருப் பெயர்ப்பலகையை ஒரு மனிதனாகக் கண்டான்.

சின்னப்பாலம் அக்கா

ஐயா சொன்ன காரணங்கள் எல்லாம் விளங்கின, மரியாதையோடு படித்தேன். ஆனால் செய்ய வேண்டியவை என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தைய இரவே நன்றாகத் தூங்கிவிட வேண்டுமாம். நாங்கள் எப்போது தண்ணீரில் இறங்குவது என்பதை வற்றும் ஏறும் தண்ணீர்தான் முடிவு செய்கிறது. ஓலைக் கொட்டகையில் கனத்த திரையை எதில் மாட்டுவது?

நான் 14 வயதிலிருந்து பாசி எடுக்கிறவள். சின்னவனுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு இரவு கண் மூடவில்லை. மூன்றாம் நாள் போகாமல் இருக்க முடியாது, வாங்கிய முன்பணம் அப்படி. முங்கி, பாறையைப் பிடித்துக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்துக்கொண்டிருந்தேன். தண்ணீருக்கு அடியில் அவன் அழுதான். தூரத்தில் இல்லை, என் இடுப்பில் இருக்கும்போது அழுவானே, அந்த இடத்திலிருந்து கேட்டது. மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, கூட இருந்தவர்களைக் கேட்டேன், யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி முங்கினேன், மறுபடி அழுதான். கையில் இருந்த பாசியை விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் காய்ச்சல் இறங்கி, என் அம்மாவின் மடியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.

ஐயா இதற்கும் ஒரு காரணம் சொல்வார், நானும் ஒப்புக்கொள்வேன். இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். எவ்வளவு படபடப்போடு இறங்கினாலும், முகம் தண்ணீருக்குள் போனதும் நெஞ்சடிப்பு அடங்கிவிடுகிறது. எங்களில் எல்லோருக்கும் இது தெரியும். இதற்கும் ஒரு பெயர் இருக்குமே?

மண்டபம் ஓய்வாசிரியர்

இருக்கிறது அம்மா. முங்கு மறுவினை என்று சொல்லலாம். முகத்தில் குளிர்ந்த நீர் பட்டு மூச்சும் அடங்கியிருக்கும்போது, வேகஸ் நரம்பின் வழியாக இதயத்துடிப்பு குறைகிறது. நீர்நாய், திமிங்கிலம் போன்றவற்றுக்கும் இது உண்டு. திரை பற்றி எழுதியதற்கு வருந்துகிறேன். கண்ணுக்கு மேல் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தாலும் அதே பயன் கிடைக்கும், அதோடு உணவு நேரத்தையும் சீராக

(நிறுத்திக்கொள்கிறேன்.)

கீழக்கரை காக்கா

ஒரு பனை உயரம் என்று முதலில் சொன்னது நான்தான். அதை ஒப்புக்கொள்கிறேன். மற்ற இருவரும் என்னைவிட வயதில் சிறியவர்கள், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விடிந்த பிறகு அந்தத் திக்கில் ஒரு படகும் இல்லை, ஐயா. அசைந்ததாகத் தோன்றியது என் கண்ணின் வேலை என்றே வைத்துக்கொள்வோம். அங்கே எரிந்தது எது?

ஐஸ் லாரி, தேவிபட்டினம்

தெருப் பலகையை மனிதனாகக் கண்ட பையனைப் பற்றிப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான் மீன் ஏற்றும் வண்டி ஓட்டுகிறவன். இரண்டு நடை தொடர்ந்து ஓட்டிவிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டியிலிருந்து தெற்கே வந்துகொண்டிருந்தேன். மணி நாலு இருக்கும். ஒரு வளைவில், தலையில் கூடையோடு ஒரு பெண் சாலையைக் கடந்தாள். அவசரமாகப் பிரேக்கை மிதித்தேன். பின்னால் பெட்டிகள் சரிந்து ஐஸ் தண்ணீர் சாலையெல்லாம் ஓடியது. இறங்கிப் பார்த்தால் கருவேலமரமும் காற்றும்தான் இருந்தன.

கிளீனர் பையனைத் திட்டினேன், நீயும் பார்த்தாய்தானே என்றேன். அவன் சொன்னான்: “அண்ணே, நீங்கள் கொஞ்ச நேரமாகவே நான் பேசுவதற்குப் பதில் சொல்லவில்லை. கண் திறந்துதான் இருந்தது.” கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடிகள் தூங்கிவிடும் என்று பிறகு ஒரு மருத்துவர் சொன்னார். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி 3 நொடியில் 50 மீட்டர் போய்விடும் என்று கணக்கும் போட்டுக் காட்டினார். என்னை அரிப்பது பேயா இல்லையா என்பதன்று. அவள் வராமல் இருந்திருந்தால் அந்த வளைவில் நான் பிரேக்கை மிதித்திருக்கவே மாட்டேன். காக்கா இதை வைத்து என்ன சொல்வார் என்று தெரியும்; சொல்ல வேண்டாம்.

பாம்பன் வடகடல்

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்ன கட்டைவிரலைப் போன வாரம் முயன்று பார்த்தேன். அவன் கதவைத் தாண்டி வருவதற்குள் விரல் அசைந்துவிட்டது, உடல் முழுதும் வந்துவிட்டது.

காக்கா கேட்ட கேள்வி மனத்தில் கிடந்ததால், அம்மா கடைக்குப் போயிருந்த நேரத்தில் தங்கையிடம் கேட்டுவிட்டேன். அன்று அவள் அறைக்குள் வரவே இல்லையாம். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறது என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. செல்போனைப் பற்றிக் கேட்டேன். அது படகிலேயே விட்டுப்போய் மறுநாள் டிரைவர் அண்ணன் கொண்டுவந்து கொடுத்ததை அவள்தான் நினைவூட்டினாள். ஆக, அவன் பொய் என்றால் அவளும் பொய். இத்தனை நாளும் அவளைத்தான் நான் சாட்சியாக வைத்திருந்தேன்.

தேங்காய் துருவினாயா என்று மட்டும் கடைசியாகக் கேட்டேன். துருவினேன், நீதான் சாப்பிட்டாயே என்றாள்.