போர்ப் படங்களில் என் மனத்தில் தங்கியவை

போரைப் பற்றிய படம் என்றாலே குண்டுவெடிப்பும் சிதறிய உடல்களும் எவ்வளவு தத்ரூபமாக எடுக்கப்பட்டிருக்கின்றன என்றுதான் பலரும் பேசுகிறார்கள். பல நாட்டுப் படங்களைத் தொடர்ந்து பார்த்து வந்த எனக்கோ, கொலைக்கு முன்னால் நடக்கும் பேச்சுவார்த்தைகளையும் பெயர்ப் பட்டியல்களையும் பொறுமையாகக் காட்டிய படங்களே நெடுநாள் மனத்தில் தங்கின.

யாஸ்மிலா ஜ்பானிச் இயக்கிய ‘குவோ வாடிஸ், ஐடா?’ (2020) அவற்றுள் முதன்மையானது. ஐக்கிய நாடுகள் அவை 1993இல் பாதுகாப்பு வலயமாக அறிவித்த போஸ்னிய நகரமான ஸ்ரெப்ரெனிட்சா, 1995 ஜூலையில் போஸ்னிய செர்பியப் படையிடம் வீழ்ந்தது. அதைத் தொடர்ந்து 8,000க்கும் மேற்பட்ட போஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். டச்சு அமைதிப்படைக்கு மொழிபெயர்ப்பாளராக இருக்கும் ஒரு பள்ளி ஆசிரியையின் வழியாகப் படம் இதைச் சொல்கிறது. அடையாள அட்டை வைத்திருக்கும் ஐடாவுக்குப் பாதுகாப்பு உண்டு. அவர் கணவருக்கும் இரு மகன்களுக்கும் இல்லை. அவர்களையும் பாதுகாக்கப்படுவோர் பட்டியலில் சேர்க்கச் சொல்லி அவர் அதிகாரி அதிகாரியாக ஓடி மன்றாடுகிறார். அந்த அதிகாரிகள் கொடியவர்கள் அல்லர். விதியைச் சொல்லிக் கைவிரிக்கிறார்கள், அவ்வளவுதான். இவர்கள்மீது வந்த அளவுக்குத் துப்பாக்கி ஏந்தியவர்கள்மீதுகூட எனக்குக் கோபம் வரவில்லை. அரங்கில் அடைக்கப்பட்ட ஆண்கள் சுடப்படும் கட்டத்தில் கேமரா வெளியே வந்துவிடுகிறது. வெடியோசை மட்டும் கேட்கிறது. இறந்தவர்களுக்கு இயக்குநர் செலுத்திய மரியாதையாகவே அதை நான் எடுத்துக்கொண்டேன்.

ஜில்லோ பொன்டெகோர்வோவின் ‘தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்’ (1966) பார்வையாளரை வேறு விதமாகச் சோதிக்கிறது. பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துப் போராடிய அல்ஜீரிய விடுதலை இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரான சாதி யாசெஃபே அதன் தயாரிப்பில் பங்கேற்று, அதில் நடித்தும் இருக்கிறார். படத்தின் சார்பு எங்கே என்பதில் ஐயமில்லை. ஆயினும் குண்டு வைக்கச் சென்ற பெண், சற்று நேரத்தில் சாகப் போகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும் அந்தக் காட்சியைப் பொன்டெகோர்வோ அவசரமாகக் கடக்கவில்லை. அம்முகங்களுள் ஐஸ்கிரீம் சுவைக்கும் ஒரு குழந்தையின் முகமும் உண்டு. அல்ஜீரியர் இறக்கும்போதும் பிரெஞ்சுக்காரர் இறக்கும்போதும் ஒரே இசைதான் ஒலிக்கிறது. ஒரு பக்கம் நிற்பவர் மறுபக்கத்துச் சாவைப் பார்க்க மறுக்க வேண்டியதில்லை என்பதை, எந்த அரசியல் கட்டுரையையும்விடத் தெளிவாக இப்படம் எனக்குக் காட்டியது.

போரே இல்லாத மோதலையும் இங்கே சொல்ல வேண்டும். அஸ்கர் ஃபர்ஹாதியின் ‘எ செப்பரேஷன்’ (2011) படத்தில், ஓர் ஈரானியக் குடும்பத்தின் மணவிலக்கு வழக்கும் பணிப்பெண்ணுடன் மூண்ட தகராறும் வர்க்கம், மத நம்பிக்கை, சட்டம் எல்லாவற்றையும் இழுத்து வருகின்றன. தொடக்கக் காட்சியில் கேமரா நீதிபதியின் இடத்தில் இருப்பதால் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு நம்மீது விழுகிறது. ஒவ்வொருவர் நியாயமும் தெரியத் தெரிய அத்தீர்ப்பு மாறிக்கொண்டே போகிறது. தாயா தந்தையா என்ற கேள்விக்கு மகள் சொல்லும் விடையைப் படம் வெளியிடவில்லை என்பது பலருக்குக் குறை. பெற்றோரையே வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் கேட்கப்படும் விடையை நாம் மட்டும் கேட்க என்ன உரிமை இருக்கிறது என்பதே என் எண்ணம்.