சிறகுவலையில் குஞ்சுமீன்கள் அகப்படுவது ஏன்?

கேள்வி:
யாழ்ப்பாணக் களப்பில் கம்புகள் நட்டுக் கட்டப்படும் சிறகுவலை, இழுவைவலையைப்போல அடித்தளத்தைக் கிளறுவதில்லை என்பதால் அதைக் கேடற்ற தொழிலாகவே கருதிவருகிறோம். ஆயினும் விரலளவு ஓரா மீனும் சிறு இறாலும் அதில் அகப்படுவதைக் காண்கையில், எது தங்கும், எது தப்பும் என்பதை அதன் எந்தப் பகுதி தீர்மானிக்கிறது என்று அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1:
வணக்கம். எவ்வளவு அகப்படும் என்பது, மீனை வழிமறித்து முடிவிலுள்ள வலையறைக்குத் திருப்பும் நீண்ட தடுப்பான சிறகைப் பொறுத்தது. கரையோரமாக நகரும் மீன் தடுப்பைக் கண்டதும் ஆழமான பக்கம் திரும்புவதால், அந்த இயல்பே அதனை அறைக்குள் கொண்டுசேர்க்கிறது. உள்ளே சென்றபின் ஓரத்தையே சுற்றிவருவதால் வாயிலைத் தவறவிடுகிறது. எந்த அளவு மீன் தங்கும் என்பதை அறையின் வலைக்கண்ணே தீர்மானிக்கிறது. இறாலுக்காகக் கண்ணைச் சிறிதாக்கினால் அதே அறையில் திரளி மீன்குஞ்சும் தங்கிவிடும். இறாலின் கொம்பும் கால்களும் வலையில் மாட்டிக்கொள்வதால், கண்ணைப் பெரிதாக்கினாலும் சிறு இறால் முழுமையாகத் தப்புவதில்லை. ஒரே கண்ணால் இரண்டையும் உரிய அளவில் பிடிக்க முடியாது என்பதே என் முடிவு.

மறுமொழி 2:
இடத்தையும் சேர்த்துக் கருத வேண்டும். கடலில் பொரித்த இறாற்குஞ்சுகள் களப்புக்குள் வந்து சில மாதங்கள் வளர்ந்து, வற்றுநீரோடு கடலுக்குத் திரும்புகின்றன; ஆகவே முகத்துவாரத்தை அண்டிய வலைக்கே வாய்ப்பு மிகுதி. தமிழகத்தின் பழவேற்காட்டுக் களப்பில் நல்ல இடங்களைப் பாடு முறையில் சுழற்சியாகப் பகிர்ந்துகொள்வதன் காரணமும் இதுவே. அந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் யார், எப்போது, எங்கே பிடிப்பது என்பதை முறைப்படுத்துவதால் மட்டும் குஞ்சுகள் காப்பாற்றப்படுவதில்லை.

மறுமொழி 3:
பொறியே மீனைப் பிரித்துத் தருவதற்கு இத்தாலியின் கோமாக்கியோ களப்பு நல்ல சான்று. இலையுதிர் காலத்தில், புயல் வீசும் இருண்ட இரவுகளில் கடலுக்குப் புறப்படும் விலாங்குகள், மரபான பொறியின் நாணல் தடுப்பின் இடுக்குகளை நெருக்கிப் புகுந்து கடைசி அறையை அடைய, மற்ற மீன்கள் முந்தைய அறையிலேயே நின்றுவிடும். இத்தனை துல்லியமான பொறிதான் முட்டையிடச் செல்லும் விலாங்கையும் தடுக்கிறது. மனிதத் தலையீடு இல்லாதிருந்தால் கடலை அடைந்திருக்கக்கூடிய முதிர்ந்த விலாங்கின் மொத்த எடையில் குறைந்தது 40 விழுக்காடாவது தப்பிச் செல்வதை இலக்காக வைத்து, 2007இல் ஐரோப்பிய ஒன்றியம் விதி வகுத்தது.

சிறகுவலையிலும் மீன் உயிரோடு இருப்பதே நமக்குள்ள பெரிய வசதி. கடைசி அறையின் ஒரு பக்கத்தில் பெரிய கண்ணுள்ள வலைத்துண்டைப் பொருத்தி, வெயில் ஏறி ஆழமற்ற நீர் சூடாகும் முன்பே வலையைப் பார்த்து, எஞ்சிய குஞ்சுகளை நீரிலேயே விட்டுவிடலாம்.