சிறுத்தொண்டர் வரலாறு: வாதாபியை நம்பலாம், பிள்ளைக்கறியைத் தள்ளலாமா?

கேள்வி:
சேக்கிழாரின் பெரியபுராணத்தில் சிறுத்தொண்டர், சாளுக்கியர் தலைநகரான வாதாபியை அழித்த தளபதி. சிவனடியாருக்குப் படைக்கப் பெற்ற பிள்ளையை அறுத்துக் கறி சமைத்தவரும் அவரே. முன்னதை வரலாறு என்றும் பின்னதைக் கதை என்றும் பிரிக்கிறார்கள். இதற்கு முறை உண்டா, இல்லை அவரவர் விருப்பமா?

பதில் 1:
முறை உண்டு. சேக்கிழாருக்கு முந்தைய இரண்டு நூல்களைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். சுந்தரரின் திருத்தொண்டத்தொகை மொத்தம் 11 பாடல். அதில் இவருக்கு ஊரும் பெயரும்தான்: "செங்காட்டங்குடி மேய சிறுத்தொண்டர்க்கு அடியேன்". நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதியில் ஒரே பாட்டு. புதல்வன் உடலைத் துணித்துப் படைத்தது அதில் வந்துவிடுகிறது, வாதாபி இல்லை. வாதாபியும், பணிப்பெண் சந்தனத் தாதியாரின் பெயரும் 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சொல்லித்தான் நமக்குத் தெரிகின்றன. ஆக, நீங்கள் தள்ள நினைக்கும் செய்திதான் ஏட்டில் முந்தியது.

பதில் 2:
முந்தியது என்பதால் நடந்தது என்று ஆகிவிடாது, ஐயா. வெளிச்சான்று வேண்டும். 642-ஐ ஒட்டிப் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்ததற்கு அங்கேயே பாறையில் அவன் கல்வெட்டு இருக்கிறது. பல்லவர்களின் கூரம் செப்பேடும் சொல்கிறது. ஆனால் சேக்கிழார் "மன்னவர்க்கு" என்று மட்டும் சொல்லிப் போகிறார். நரசிம்மவர்மன் என்று பொருத்தியது பிற்கால ஆய்வாளர்கள்.

பலர் வழுக்கும் இடம் இதுதான். செங்காட்டங்குடிப் பதிகத்தில் சிறுத்தொண்டரைச் சம்பந்தர் பாடுகிறார்; அதனால் இருவரும் ஒரே காலம். அது 7-ஆம் நூற்றாண்டு என்பதற்கு முக்கியப் பிடிமானமே சேக்கிழாரின் வாதாபிச் செய்திதான். அந்தக் காலக்கணக்கை வைத்தே வாதாபிச் செய்தி உண்மை என்று திரும்ப நிறுவினால், சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் நிற்போம்.

பதில் 3:
நாயன்மாரே பாடியது கிடைத்தால் அதை முதலில் பாருங்கள், வினைச்சொல்லின் வடிவத்தையும் கவனியுங்கள். அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் தள்ள, கல் மிதந்தது என்ற கதையை எடுத்துக்கொள்வோம். "கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும்" என்று அப்பர் பாடுவது நிபந்தனை. நடந்ததாக அது சொல்லவில்லை. நீலக்குடிப் பதிகத்திலோ "கல்லினோ டெனைப் பூட்டி அமண்கையர்" (சமணர்) நீரில் தள்ள, அரன் நாமம் சொல்லி "உய்ந்தேன்" என்று தன்மையிலேயே பாடுகிறார். தன்னைத் தள்ளினார்கள், பிழைத்தேன் என்பது அவர் வாய்மொழி. கல் தெப்பமாய் மிதந்தது அந்தப் பாட்டில் இல்லை.

கேட்டவர்:
அப்படியானால் சிறுத்தொண்டரில் உறுதியாக நிற்பது?

பதில் 2:
ஆளும் ஊரும். வாதாபி, நடந்திருக்கக்கூடியது. பிள்ளைக்கறி, நம்பியாண்டார் நம்பி காலத்துக்குள் அடியார்கள் நம்பிய செய்தி.